கப்பலேறுமுன் காண வேண்டிய இரண்டு இடங்கள்

உல்லாசக் கப்பல் பிரயாணம் என்பதாக ஒன்று சமீப காலமாய் நம்மவர்களுக்குள்ளும் பரவி வருவது வாசகர்கள் அறிந்ததேயாகும். அமெரிக்காவில் உத்தியோகத்திலிருக்கும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் தாய் தகப்பன்மாரை வரவழைத்து, பஹாமாத் தீவுகள் வரையிலும் அதற்கப்பாலும் நாலு நாள், ஏழு நாள் என்று கப்பலில் கூட்டிப் போய் வருகின்றார்கள். இதைத் தப்பென்று சொல்ல நாம் வரவில்லை. பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கோவில் உண்டியலில் கொட்டுவதைவிடக் கடலையும் உலகத்தையும் பார்க்கச் செலவழிப்பது எவ்வளவோ மேலென்பதே நமது அபிப்பிராயம். ஆனால் நாம் இங்கு எழுதப் புகுந்தது கப்பலேறுவதற்கு முந்திய அந்த ஒரு நாளைப் பற்றியேயாகும்.

இந்தக் கப்பல்களில் பல, பிளாரிடா மாகாணத்துக் கானவெரல் துறைமுகத்திலிருந்து சாயங்கால வேளையில் புறப்படுகின்றன. கப்பல் யாருக்காகவும் காத்திராது. ஆகாய விமானம் தாமதப்பட்டால் பிரயாணமும் போயிற்று, பணமும் போயிற்று. ஆகையால் விஷயம் தெரிந்தவர்கள் முதல் நாளே ஆர்லாண்டோ நகரத்தில் வந்திறங்கி, ஒரு மணி நேரம் மோட்டாரில் வந்து கடற்கரையோரத்தில் தங்கிவிடுகின்றார்கள். இப்படியாக ஒரு முழுப் பகல் கையில் மிச்சமாகின்றது. இதை அநேகர் எப்படிச் செலவிடுகின்றார்களெனில், கடைக்குப் போய்த் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்குவது, தூங்குவது, மறுநாள் கப்பலேறும் நேரம் இராகு காலமா எமகண்டமா என்று பஞ்சாங்கம் பார்ப்பது ஆகிய காரியங்களிலேயாம். பஞ்சாங்கத்தை ஊர் நேரத்துக்குப் பார்ப்பதா, அமெரிக்க நேரத்துக்குப் பார்ப்பதா என்று புருஷன் பெண்சாதிக்குள் தர்க்கம் வேறு. இந்த வேடிக்கை நிற்க.

துறைமுகத்திலிருந்து மோட்டாரில் அரை மணி தூரத்தில், மெரிட் தீவில், கென்னடி வான்வெளி நிலையத்தின் காட்சிசாலை இருக்கின்றது. சந்திரனுக்கு மனிதனை அனுப்பி வைத்த இடம் இதுவே. டிக்கெட்டு மலிவானதல்ல. சர்க்கார் வரிப் பணத்தை எதிர்பாராமல், வருகிறவர்கள் கொடுக்கும் பணத்தைக் கொண்டே நடக்கிறபடியால் உள்ளே விற்கிற சாமான்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் ஒரு குடும்பம் வருஷா வருஷம் ஸ்தல யாத்திரைக்கு அழுகிற பணத்தோடு ஒத்துப் பார்த்தால் இதை வீண் செலவென்று சொல்ல எவருக்கும் நாக்கு வராது.

அங்கே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போய், சாட்டர்ன் 5 என்கின்ற ராக்கெட்டைக் காட்டுகின்றார்கள். நிறுத்தி வைக்காமல் படுக்க வைத்திருக்கின்றார்கள். நீளம் 363 அடி. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைத் தூக்கிப் பக்கத்தில் கிடத்தினாலும் இது இன்னும் 100 அடிக்கு மேல் நீண்டு கிடக்கும். அடிப்பாகத்தில் ஐந்து யந்திரங்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குடித்தனம் நடத்தலாம் போலிருக்கின்றது. அந்த அடிப்பாகம் எரித்த எண்ணெய் என்னவென்று கேட்டால், நம் குடிசை விளக்குகளில் புகைந்து கொண்டிருந்த மண்ணெண்ணெயின் ஜாதிதான். நன்றாய்ச் சுத்தி செய்து, திரவமாக்கின பிராணவாயுவோடு சேர்த்து எரித்தார்கள். சுமார் இரண்டரை நிமிஷத்தில் அவ்வளவும் தீர்ந்து போய் அடிப்பாகம் கழன்று கடலில் விழும். அதற்குமேல் இரண்டாவது பாகம், அதற்கும் மேல் மூன்றாவது. 1969 ஆம் வருஷம் ஜூலை 16 ந் தேதி இதே மாதிரி ராக்கெட்டொன்று இங்கிருந்து கிளம்பி, 20 ந் தேதி இரண்டு மனிதர் சந்திரனில் இறங்கினார்கள். அங்கிருந்து கொண்டுவந்த கல்லொன்றைத் தொட்டுப் பார்க்கவும் ஜனங்களை விடுகின்றார்கள். நம்மவர்களில் சிலர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொள்ளவும் கூடும். அதற்கு அந்தக் கல் ஜவாப்தாரியல்ல.

ஆனால் பெரிய ராக்கெட்டைப் பார்த்து வாய் பிளப்பதற்காக மாத்திரம் நாம் இங்கு யாரையும் போகச் சொல்லவில்லை. பெரியதைக் கண்டு வாய் பிளப்பது நமக்குப் பழகிப் போன தொழில். தேரைக் கண்டும் பிளந்தோம், மடாதிபதியின் பல்லக்கைக் கண்டும் பிளந்தோம். அந்தக் காட்சிசாலையில் அதிகக் கூட்டம் நிற்காத சில இடங்களுண்டு. அங்கேதான் நிற்க வேண்டும்.

முதலாவது ஒரு கதவு. 1967 ஆம் வருஷம் ஜனவரி 27 ந் தேதி, பறக்காமல் தரையிலேயே நடந்த ஒரு பரீட்சையில், அப்போலோ 1 என்கின்ற கூண்டுக்குள் தீப்பற்றி, கிரிஸ்ஸம், ஒயிட், சாஃபி என்கின்ற மூன்று பேர் மாண்டார்கள். கூண்டுக்குள் வெறும் பிராணவாயுவை நிரப்பியிருந்தார்கள். கதவோ உட்பக்கம் இழுத்துத் திறக்க வேண்டிய மாதிரி செய்யப்பட்டிருந்தது. உள்ளே அழுத்தம் ஏறியவுடன் எவராலும் திறக்க முடியவில்லை. பின்பு வெளிப்பக்கமாய்ச் சில விநாடிகளில் திறக்கும்படியான கதவைச் செய்தார்கள். அந்தப் பழைய கதவை 50 வருஷங் கழித்து 2017 ல் ஜனங்கள் பார்வைக்கு வைத்தார்கள். "எங்கள் மூன்று பேரைக் கொன்றது இந்தக் கதவு, இதைச் செய்தவர்களும் நாங்களே" என்பதுதானே அதற்கு அர்த்தம்?

இரண்டாவது, சாலஞ்சர், கொலம்பியா என்கின்ற இரண்டு வான்வெளி ஓடங்களில் மிஞ்சின துண்டுகள். சாலஞ்சரின் பக்கத் தகடொன்று, கொடி எழுதினபடியே கிழிந்து கிடக்கின்றது. கொலம்பியாவின் ஜன்னல் சட்டங்கள் மாத்திரம் நிற்கின்றன, கண்ணாடியில்லை. பக்கத்திலேயே மாண்ட 14 பேர் உபயோகித்த சாமான்கள். இவற்றில் கர்னால் என்னும் ஊரில் பிறந்த கல்பனா சாவ்லா என்னும் பெண்மணியைப் பற்றிய அடையாளமும் உண்டு. இந்த இடம் திறந்தது 2015 ல்.

சாலஞ்சர் சங்கதியை வாசகர்கள் கொஞ்சம் விவரமாய்த் தெரிந்துகொள்ள வேண்டும். 1986 ஜனவரி 28 ந் தேதி காலையில் கிளம்பி, 73 வது விநாடியில் சிதறிப் போயிற்று. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் பள்ளிக்கூட உபாத்தியாயினி. முந்திய இரவு அந்தப் பக்கத்தில் வழக்கமில்லாத குளிர். ராக்கெட்டு மேடையில் பனிக்கட்டி தொங்கிற்று. பக்கத்து ராக்கெட்டுகளின் மூட்டுகளை அடைக்க ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். குளிரில் ரப்பர் விறைத்துப் போகும், மூட்டை அடைக்காது, ஆகையால் நாளைக்கு விட வேண்டாமென்று அதைச் செய்த கம்பெனியின் இஞ்சினீயர்களே அந்த இரவு டெலிபோனில் மன்றாடினார்கள். மேலதிகாரிகள் தனியே கூடிப் பேசி, விடலாமென்று தீர்மானித்துவிட்டார்கள். பின்னர் விசாரணைக் கமிஷனில் இருந்த பைன்மன் என்கின்ற விஞ்ஞானி, எல்லாரும் பார்த்திருக்க, அந்த ரப்பரில் ஒரு துண்டைச் சிறு இடுக்கியால் நெருக்கி, மேஜை மேலிருந்த ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்துக் காட்டினார். இடுக்கியைத் தளர்த்தியும் ரப்பர் உடனே பழைய ரூபத்துக்கு வரவில்லை. அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் உண்மை வெளியாய்விட்டது.

நம் ஊரில் தேர் சாய்ந்து ஜனங்கள் நசுங்கினால் எந்த அச்சு முறிந்தது, எந்தத் தச்சன் சொன்னதை எந்தத் தர்மகர்த்தா கேட்கவில்லை என்று யாராவது விசாரித்து, முறிந்த அச்சைக் கோவில் வாசலில் வைத்ததுண்டா? பரிகார பூஜைக்கல்லவா வசூல் நடக்கும்? அமெரிக்காக்காரனோ இரண்டரை வருஷத்துக்கு மேல் ஒரு ஓடத்தையும் பறக்கவிடாமல் நிறுத்தி வைத்து மூட்டைத் திருத்தினான். அப்படியும் 2003 ல் கொலம்பியா போயிற்று. கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டொன்று இடது இறக்கையின் முன்விளிம்பை உடைத்திருந்தது; படம் பிடித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்ட இஞ்சினீயர்களின் பேச்சு மறுபடியும் எடுபடவில்லை. நுரை எவ்வளவு காரணமோ, கீழே இருக்கிறவன் பேச்சை மேலே இருக்கிறவன் கேளாத வழக்கமும் அவ்வளவு காரணமென்று விசாரணைச் சபையார் எழுதி வைத்தார்கள். ஒரே பாடத்தை இரண்டு தடவை படித்தார்களென்று கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். படித்ததை எழுதி வைத்தார்களே, அதைத்தான் நாம் கவனிக்கின்றோம்.

அமெரிக்காக்காரனுக்கு மூட நம்பிக்கையே கிடையாதென்று நாம் சர்டிபிகேட்டு கொடுப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அவனுக்கு 13 என்றால் நடுக்கம். மறுநாள் நீங்கள் ஏறப்போகின்ற கப்பலிலேயே பாருங்கள்: அநேக உல்லாசக் கப்பல்களில் 12 ஆம் தளத்துக்கு மேல் 14 ஆம் தளம்தான். 13 எங்கே போயிற்று என்று கப்பல்காரனைக் கேட்டால் சிரிப்பான். அப்போலோ 13 சந்திரனுக்குப் போகும் வழியில், அமெரிக்கக் கணக்குப்படி ஏப்ரல் 13 ந் தேதி வெடித்தது என்பதைப் பெரிய அத்தாட்சியாய்ச் சொல்லுவார்கள். அது வெடித்த காரணம் என்னவெனில், பிராணவாயுத் தொட்டிக்குள் இருந்த ஒரு சிறு மின்சார விசை 28 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. தரையில் பரீட்சை செய்கையில் அதில் 65 வோல்ட்டு பாய்ச்சினார்கள். விசை ஒட்டிக்கொண்டது, சூடு ஏறிற்று, கம்பியின் மேலுறை வெந்து போயிற்று. அந்தத் தொட்டியை 14 ஆம் நம்பரில் வைத்திருந்தாலும் வெடித்துத்தான் இருக்கும். அதற்கு முந்திய 12 கிளம்பும்போது இரண்டு தடவை மின்னல் தாக்கிற்று. ஆனாலும் சந்திரனுக்குப் போய்த் திரும்பிற்று. 12 க்குப் பயந்து எந்தக் கப்பல்காரன் தளத்தை நீக்கினான்?

இவ்வளவும் பார்த்து முடிய மத்தியானம் தாண்டிவிடும். உள்ளே விற்கிற ரொட்டியைத் தின்று பசியாற்றாமல், பாலத்தைக் கடந்து எதிர்க்கரையிலுள்ள டைட்டஸ்வில் ஊருக்குப் போய்ச் சாப்பிடுவதே நல்லதென்போம். அந்தக் கடலில் ஒருவித இறால் உண்டு. ஓடு கல் மாதிரி இருப்பதால் பாறை இறால் என்று பெயர். ஒருகாலத்தில் வலையில் வந்தால் உரிக்க முடியாததென்று திரும்பக் கடலில் வீசிவிடுவார்களாம். அந்த ஊரில் படகு கட்டிக் கொண்டிருந்த ராட்னி தாம்ப்சன் என்பவர் அதன் முதுகைப் பிளக்க ஒரு யந்திரம் செய்து, பிளந்து வெண்ணெய் தடவிச் சுட்டுத் தின்னலாமென்று காட்டி, 1983 ல் அதற்கென்றே ஒரு ஓட்டலும் வைத்தார். அன்றிலிருந்து வீசியெறிந்த சரக்கு அந்தப் பக்கத்துக்கே பேர்பெற்ற பதார்த்தமாயிற்று. ருசி சிங்கி இறாலைப் போலிருக்கும். மரக்கறி உண்பவர்கள் தாராளமாய் மரக்கறி உண்ணட்டும்; யாரையும் நாம் இறால் தின்னச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. "கண்டவன் கையால் சமைத்தது தீட்டு" என்று ஓட்டல் அறையிலேயே புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்க்கின்றவர்களைக் குறித்துத்தான் வருத்தப்படுகின்றோம். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தும் அடுப்படி மாத்திரம் கூடவே வந்துவிட்டதே.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவுடன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். சந்திரனுக்கு ராக்கெட்டு கட்டத் தொடங்கின காலத்தில் இந்த மேஜையில் யார் உட்காரலாம்? பதில் வெட்கக் கேடானது. 1964 ஆம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டம் வருமட்டும் தெற்கத்தி அமெரிக்காவில் வெள்ளையர் ஓட்டலில் கறுப்பு மனிதன் உட்கார்ந்து சாப்பிட முடியாது. பள்ளிக்கூடம் வேறு, குழாய்த் தண்ணீர் வேறு, ஆஸ்பத்திரியும் வேறு. ஓட்டல்களில் பிராமணருக்குத் தனியிடம் என்று போர்டு தொங்கினதைப் பாட்டன்மாரிடம் கேட்டறிந்த நம்மவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

அந்தப் பிரெவார்ட் ஜில்லாவில், கானவெரல் முனையிலிருந்து முதல் ராக்கெட்டு கிளம்பினது 1950 ஜூலை 24 ந் தேதி. 17 மாதம் கழித்து, 1951 டிசம்பர் 25 ந் தேதி இரவு, அதே ஜில்லாவில், டைட்டஸ்வில்லுக்குச் சில மைல் வடக்கே மிம்ஸ் என்னும் சிற்றூரில், ஒரு வீட்டின் படுக்கையறைக்கு அடியில் வெடிகுண்டு வெடித்தது. ஹாரி மூர், ஹாரியட் மூர் என்கின்ற கறுப்பு உபாத்தியாயத் தம்பதிகளின் வீடு அது. அன்று அவர்களுடைய கல்யாணத்தின் 25 ஆம் வருஷ தினம். காயம்பட்டவரை 30 மைல் தூரத்திலுள்ள சான்ஃபோர்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் ஹாரி மூர் உயிர் போயிற்று. ஒன்பது நாள் கழித்து அந்த அம்மாளும் மாண்டார்.

அவர் செய்த குற்றமென்ன? 1934 ல் அந்த ஜில்லாவில் கறுப்பு மக்களின் சங்கத்துக்குக் கிளை வைத்தார். ஒரே வேலை செய்கிற கறுப்பு வாத்தியாருக்கும் வெள்ளை வாத்தியாருக்கும் ஏன் ஒரே சம்பளமில்லை என்று 1938 ல் வழக்குப் போட ஏற்பாடு செய்தார். கறுப்பு மக்களை வோட்டர்களாய்ப் பதியச் செய்தார்; அவர் முயற்சியால் மாகாணம் முழுவதும் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். இதற்காக 1946 ல் புருஷன் பெண்சாதி இருவருடைய வேலையையும் பிடுங்கினார்கள். அதே மாகாணத்தில் வேறொரு ஜில்லாவில் நாலு கறுப்பு வாலிபர் மேல் 1949 ல் கட்டிய பொய் வழக்கில், கைதிகள் இருவரை ஷெரீப் என்னும் போலீஸ் அதிகாரியே 1951 நவம்பரில் சுட்டு, ஒருவர் மாண்டார். அந்த அதிகாரியை வேலையிலிருந்து நீக்க வேண்டுமென்று மூர் எழுதினார், பேசினார். அடுத்த மாதம் வெடிகுண்டு. அந்த நால்வரும் குற்றமற்றவர்களென்று கோர்ட்டு சொன்னது 2021 ல். மூர் வீட்டில் குண்டு வைத்தவர்கள் கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தைச் சேர்ந்த நால்வரென்று மாகாண சர்க்கார் வெளியிட்டது 2006 ல். அதற்குள் நால்வரும் செத்துப் போயிருந்தார்கள். ஒருவனும் கூண்டிலேற்றப்படவில்லை.

73 விநாடியில் நடந்த ஒரு காரியத்துக்குக் காரணத்தைச் சில மாதங்களுக்குள் கண்டுபிடித்த தேசத்துக்கு, இந்தக் கொலையைச் செய்தவர் இன்னாரென்று வெளியிட 54 வருஷம் பிடித்ததே, ஏன்? ரப்பரை ஐஸ் தண்ணீரில் போட்டுப் பார்த்த அறிவு, மனிதனுக்கு மனிதன் எப்படித் தாழ்ந்தவனானான் என்பதை ஒரு தண்ணீரிலும் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் சாயம் போய்விடுமென்ற பயந்தான். 1959 ல் பொறுக்கின முதல் ஏழு வான்வெளி வீரரும் வெள்ளையர். கறுப்பு அமெரிக்கர் ஒருவர், புளூஃபோர்டு என்பவர், வான்வெளிக்குப் போனது 1983 ல். சாலஞ்சரில் மாண்ட எழுவரில் ரானல்டு மக்நேர் என்பவர் ஒருவர். அவர் ஒன்பது வயதுப் பையனாயிருந்தபோது, 1959 ல், தெற்குக் கரோலினாவில் தன் ஊர்ப் புஸ்தகசாலைக்குப் போய்ப் புஸ்தகம் கேட்க, கறுப்புப் பிள்ளைக்குக் கிடையாதென்று போலீசைக் கூப்பிட்டார்கள். பையன் நகரவில்லை, கடைசியில் புஸ்தகத்தோடுதான் வீட்டுக்குப் போனான். இன்று அந்தக் கட்டடத்துக்கு அவர் பெயரே வைத்திருக்கின்றார்கள். காட்சிசாலையில் அவருடைய பகுதிக்கு முன் நிற்பவர்கள் இதை நினைத்துக் கொள்ள வேண்டும்.

ராக்கெட்டுக்கு இவ்வளவு பணமா, ஏழை வயிற்றுக்கு என்ன வழி என்று கேட்பவர்களுமுண்டு. அந்தக் கேள்வி அந்த வாசலிலேயே கேட்கப்பட்டது. 1969 ஜூலை 15 ந் தேதி, சந்திரனுக்குக் கிளம்புவதற்கு முந்திய நாள், அபர்நதி என்கின்ற கறுப்புத் தலைவர் கோவேறு கழுதை வண்டிகளோடும் சில நூறு ஏழை ஜனங்களோடும் அங்கே வந்து நின்றார். வான்வெளி இலாகாத் தலைவர் பெயின் என்பவர் வெளியே வந்து, நாளைக்குப் பொத்தானை அமுக்காமல் விட்டால் தரித்திரம் தீருமென்றால் அமுக்கவே மாட்டோம் என்கிற மாதிரி ஜவாப்புச் சொல்லி, சில ஏழைக் குடும்பங்களுக்கு உள்ளிருந்து பார்க்க இடமும் கொடுத்தார். ஜவாப்பு சாமர்த்தியமானது, போதுமானதென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ராக்கெட்டை நிறுத்தினால் சோறு வரும் என்கிற வாதமும் நமக்குச் சம்மதமல்ல. சோற்றைத் தடுத்தவன் ராக்கெட்டு கட்டினவனல்லவே.

மிம்ஸில் மூர் தம்பதிகளின் பெயரால் ஒரு பூங்காவும் சிறு காட்சிசாலையும், அந்த வீட்டைப் போலவே மறுபடி கட்டிய ஒரு வீடும் இருக்கின்றன. அங்கே ஆடும் நாற்காலியோ விற்கிற தொப்பியோ எதிர்பார்க்க வேண்டாம். "சந்தோஷமாய்க் கப்பலேறப் போகும் நாளில் செத்தவன் வீட்டுக்குப் போவதா, சகுனத் தடையல்லவா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். காட்சிசாலையிலும் பதினேழு பேருடைய சாவைத்தானே பார்த்துவிட்டு வந்தோம். அதற்கு டிக்கெட்டும் வாங்கினோமே என்று சொல்லுங்கள். டைட்டஸ்வில்லில் சாப்பிட்டு முடித்தவர்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு இருட்டுமுன் துறைமுகத்துப் பக்கம் திரும்பப் போதுமான நேரம் இருக்கின்றது. வண்டிக்காரன் வழி தெரியாதென்றால், மிம்ஸில் ஃப்ரீடம் அவென்யூ என்று சொல்ல வேண்டும்.